ஏரி ஊட்டிய ஊர்கள்: பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் உணவு மரபு

சிற்றூர் ஒன்றுக்குச் சென்று அவ்வூராரின் உணவை அவர்கள் வாழுமிடத்திலேயே உண்டறிவது இன்று உலகின் பல நாடுகளில் பயணத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. இவ்வகைப் பயணங்களில் பெரிதும் பேசப்படுபவை, சீனத்தின் தென்கிழக்கில் ஃபூச்சியன் மாநிலத்து மலைகளுக்கிடையே அமைந்த ஹக்கா ஊர்கள். ஹக்கா என்போர் வடசீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாக அலையலையாகத் தெற்கே பெயர்ந்து, ஆற்றுச் சமவெளிகள் முன்பே பிறர் கைவசம் இருந்தமையால் மலைச்சரிவுகளில் குடியமர்ந்த மக்கள். பகைவரிடமிருந்தும் கொள்ளையரிடமிருந்தும் காத்துக்கொள்ள, இடித்துக் கெட்டித்த மண்ணால் பல மாடிகள் கொண்ட பெரும் கூட்டு வீடுகளை எழுப்பி, ஒரே குலத்தைச் சேர்ந்த பல குடும்பங்கள் அவற்றில் சேர்ந்து வாழ்ந்தன. துலோ எனப்படும் அவ்வீடுகளில் 46 கட்டடங்களை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவ்வீடுகளின் தரைத்தளம் முழுவதும் அடுக்களைகளாகவும் அதற்கு மேல்தளம் தானியக் களஞ்சியமாகவும் அதற்கும் மேலே உள்ளவை படுக்கையறைகளாகவும் அமைந்திருப்பது, அம்மக்களின் வாழ்வில் உணவும் அதன் சேமிப்பும் வகித்த இடத்தைக் கட்டட அமைப்பாகவே காட்டுகிறது.

ஹக்கா உணவுகளும் அவ்வாறே அவர்கள் கடந்துவந்த வழியைத் தாங்கியுள்ளன. உப்பிட்டு வெயிலில் உலர்த்திய கடுகுக்கீரையோடு நெடுநேரம் வேகவைத்த பன்றியிறைச்சி, சூடான உப்புக்குள் புதைத்துச் சமைத்த கோழி, தேயிலையோடு எள்ளும் நிலக்கடலையும் சேர்த்து இடித்து வெந்நீரில் கரைத்த லேய் சா எனப்படும் கஞ்சி போன்ற பானம் ஆகியவை, கெடாமல் வைத்துக்கொள்ளவும் தூக்கிச் செல்லவும் குறைந்த பொருளில் வயிறு நிறையவும் தேவைப்பட்ட மக்களின் கண்டுபிடிப்புகள். இம்மக்களில் ஒரு பிரிவினர் கொல்கத்தாவுக்கு வந்து, தாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் நடத்தி, பின்னர் உணவகங்களும் தொடங்கினர். பச்சை மிளகாயும் சோயா சாறும் கலந்த இந்தியச் சீனச் சமையல் உருவானதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்று புதுச்சேரியின் ஊர்ப்புறத்திலுள்ள வில்லியனூரிலும் பாகூரிலும் சாலையோரத் தள்ளுவண்டியில் மாலை வேளைகளில் விற்கும் நூடுல்சுக்குக்கூட ஹக்கா என்ற அடைமொழி ஒட்டியிருக்கிறது. ஆயினும் அந்த நூடுல்சை உண்பவர்கள் ஹக்கா மலைகளையும் மண்வீடுகளையும் அறிவதில்லை. பெயர் மட்டும் பயணம் செய்து, அதைப் பிறப்பித்த நிலம் பின்தங்கிவிட்டது. இதே நிலை, வேறொரு வடிவில், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கும் நேர்ந்துள்ளது என்பதே இச்சொற்பொழிவின் தொடக்கக் கருத்து.

கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சியில் அமைந்த உள்ளாட்சிப் பிரிவு. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் நகராட்சி முறை புகுத்தப்பட்டபோது தோன்றிய இப்பிரிவு, விடுதலைக்குப் பின்னும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் தொடர்கிறது. புதுச்சேரி வட்டாரத்தின் ஊர்ப்புறம் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இவற்றின் எல்லைகள் ஒரே பரப்பாக அமையாமல், தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக்கிடக்கின்றன. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததும், அவர்களுள் 170 பேர் இணைப்பை ஆதரித்ததும் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான். இவ்வளவு வரலாறு கொண்ட ஊர்ப்புறம், உணவு என்று வரும்போது மட்டும் பெயரின்றிப் போகிறது. புதுச்சேரி உணவு என்றால் கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் ரொட்டியும், கிரியோல் எனப்படும் கலப்புச் சமையலும், கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னே பரிமாறப்படும் தட்டுகளுமே வெளியூராரின் நினைவுக்கு வருகின்றன. அந்நகரத்துக்குச் சோறிட்ட வயல்கள் எவை என்ற வினா எழுவதேயில்லை.

அவ்வினாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்கள் தெளிவான விடை தருகின்றன. 1752இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த போர் நிகழ்ந்த இடம் பாகூர். 1760இல் அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது முதலில் கைப்பற்ற முனைந்த அரண்களுள் ஒன்று வில்லியனூர்க் கோட்டை. வில்லியனூர் கைவிட்டுப் போனதும் நகரத்துக்கு உட்புறத்திலிருந்து நெல்லும் கால்நடையும் வரும் வழி அடைபட்டது. கடல்வழியும் ஆங்கிலக் கப்பல்களால் மறிக்கப்பட்டிருந்த நிலையில், உணவு குறையக் குறைய, பிரெஞ்சுத் தளபதி லாலி நகரத்துத் தமிழ்க் குடிமக்களை மதிலுக்கு வெளியே துரத்தினார். முற்றுகையிட்ட படையோ அவர்களை அப்பால் செல்லவிடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே அம்மக்கள் பசியால் வாடினர். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்ததற்குப் பீரங்கிகளைவிடப் பசியே பெருங்காரணம். இந்தப் பாடத்தைப் பிரெஞ்சு அரசு மறக்கவில்லை. 1783இல் வெர்சேல்சில் இங்கிலாந்தோடு செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையில், புதுச்சேரி திரும்பக் கிடைத்தால் மட்டும் போதாதென்று, அதைச் சூழ்ந்த நிலப்பகுதியாக வில்லியனூர், பாகூர் ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்து கிடைக்க வேண்டுமெனப் பெயர் குறித்தே எழுதப்பட்டது. ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டின் உடன்படிக்கையில் இவ்விரு ஊர்களின் பெயர்களும் இடம்பெற்றமைக்கு, வயலில்லாத கோட்டை நெடுநாள் நிற்காது என்ற பட்டறிவைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வயலுக்கு வேர் ஏரி. புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் மிகப் பெரியவை. ஊசுட்டேரி சங்கராபரணி ஆற்று நீரால் நிரம்புவது. பாகூர் ஏரி தென்பெண்ணை நீரால் நிரம்புவது. தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டில் தேக்கப்படும் பெண்ணையாற்று வெள்ளம் பங்காரு வாய்க்கால் என்னும் கால்வாய் வழியே பாகூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. சிங்காரி, பங்காரி என்னும் இரு சகோதரியர் தங்கள் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்ததாக அவ்வட்டாரத்தில் கதை வழங்குகிறது. புதுச்சேரி நகரின் நடுவே உள்ள ஆயி மண்டபமும் இத்தகைய ஒரு பெண்ணின் நினைவாக, முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதைக் குறிக்க, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது. கதைகளில் எவ்வளவு வரலாறு என்பது ஆய்வுக்குரியது. நீர் தந்தவர்களாக இவ்வட்டாரம் பெண்களையே நினைவில் வைத்திருப்பது கருதத்தக்கது.

பாகூர் ஏரி ஊட்டியது நெல்லை மட்டுமன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாய் பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் எனும் உயர்கல்வி நிலையத்துக்குக் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சோறிடுவதற்கு உபரி நெல் வேண்டும். உபரி நெல்லுக்கு மழை பொய்த்த ஆண்டிலும் கைகொடுக்கும் நீர் வேண்டும். மூலநாதர் கோயில் சுவர்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளும், 10ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை வென்று ஆண்ட இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும், அழகிய சோழச் சதுர்வேதிமங்கலம் என்று அழைக்கப்பட்ட இவ்வூரின் சபை எவ்வளவு ஒழுங்காக இயங்கியது என்பதற்குச் சான்றுகள். சோழர் கால ஊர்ச்சபைகளில் ஏரியைக் கவனிக்க ஏரிவாரியம் என்னும் தனிக்குழு இருந்தது. தூர் வாருதலும் கரை பலப்படுத்துதலும் அதன் கடமைகள். பிரெஞ்சு ஆட்சியிலும் ஏரிப் பாசன உழவர்களுக்கெனச் சங்கங்கள் அமைந்து, மதகுப் பராமரிப்பையும் நீர்ப் பங்கீட்டையும் கவனித்து வந்தன. ஆக, ஆட்சிகள் மாறியபோதும் ஏரியைச் சுற்றிய ஒழுங்கு ஏதோ ஒரு பெயரில் நீடித்தது.

ஏரிக் கரைக்குக் கீழே ஆண்டு மூன்று போகங்களாகப் பிரிகிறது. ஆடியில் தொடங்கித் தையில் அறுவடையாகும் நீண்ட போகம் சம்பா. மார்கழி, தை மாதங்களில் நட்டுப் பங்குனி, சித்திரையில் அறுப்பது நவரை. சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் முடியும் குறுகிய போகம் சொர்ணவாரி. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூர் அழைக்கப்படுவது இம்மூன்று போகங்களின் பயனாகவே. அறுத்த நெல் வீட்டுக்கு வருமுன் களத்துமேட்டிலேயே பங்கு பிரிந்துவிடும். மதகைத் திறந்து அடைத்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, ஏர் செய்த தச்சர், கொழு அடித்த கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்குப் படியளந்த பின்னரே மிச்சம் நிலவுடையோர் வீடு சேர்ந்தது. நட்டவர்க்கும் அறுத்தவர்க்கும் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. இப்பங்கீட்டைப் புரிந்துகொள்ளாமல் இவ்வூர்களின் உணவைப் புரிந்துகொள்ள இயலாது. ஏனெனில் ஒரே ஏரியின் கீழ் வாழ்ந்தும் எல்லோரும் ஒரே உணவை உண்ணவில்லை.

நிலவுடையோர் வீட்டில் அரிசிச் சோறும், கோயில் மடைப்பள்ளியில் பொங்கலும் புளியோதரையும் அன்றாடமாக இருந்தபோது, சேரியிலும் உழைப்பவர் தெருக்களிலும் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் பழையதுமே பசியாற்றின. பலரும் மரபு உணவு என்று எழுதும்போது முன்னதை மட்டும் எழுதுவது பெரும் குறை. உண்மையில் ஏரியையும் வயலையும் நுணுக்கமாக அறிந்திருந்த சமையல் பின்னதே. நெல்லை விளைவித்தவர்களுக்கு நெல் போதாதபோது, அவர்கள் வயலில் நெல்லைத் தவிர வேறென்ன உண்ணத்தக்கது என்பதைக் கற்றிருந்தனர். நடவுக் காலத்தில் வரப்பு வளைகளிலிருந்து பிடித்த வயல் நண்டை உரலில் இடித்து, சாற்றை வடித்து, மிளகும் பூண்டும் சீரகமும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் நண்டு ரசம் சளிக்கும் உடல்வலிக்கும் மருந்தாகக் கொள்ளப்பட்டது. தேங்கிய நீரில் கிடைக்கும் நத்தையை வேகவைத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்து, வெங்காயமும் மிளகும் கூட்டி வறுப்பது இன்றும் வழக்கிலுள்ளது. மூலநோய்க்கு அது நல்லதென்னும் நம்பிக்கையும் உண்டு. வயலோரம் தானே முளைக்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை, முளைக்கீரை வகைகள் காசில்லாமல் கிடைத்த காய்கறிகள். இவற்றை ஏழ்மையின் உணவு என்று இரங்கிப் பேசுவதும் பொருந்தாது, இயற்கை உணவு என்று இன்றைய நாகரிக மொழியில் கொண்டாடுவதும் பொருந்தாது. நிலத்தின் மீது உரிமையில்லாதவர்கள் நிலத்தைப் பற்றிப் பெற்ற அறிவு என்றே இவற்றைச் சொல்ல வேண்டும்.

ஏரி மீன் இவ்வறிவின் மற்றொரு பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரி, கோடையில் வற்றத் தொடங்கும்போது மீன்பிடிப்பு மும்முரமாகிறது. விரால், கெண்டை, கெளுத்தி, குரவை ஆகியவை பாகூர், வில்லியனூர் ஏரிக்கரை ஊர்களில் நன்கறியப்பட்டவை. கடல் சில கல் தொலைவிலேயே இருந்து, கடல் மீன் நாள்தோறும் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் வந்தபோதும், ஏரி மீனுக்கெனத் தனிச் சமையல் முறை நீடித்தது. சேற்று வாடை போக, உப்பும் மஞ்சளும் இட்டு மீண்டும் மீண்டும் அலசி, புளியைச் சற்றுக் கூட்டிக் கரைத்து, மண் சட்டியில் குழம்பைச் சுண்டவிட்டு, அன்றே உண்ணாமல் மறுநாள் பழைய சோற்றோடு உண்பதே இதன் முறை. சட்டியும் உள்ளூர்ப் பொருள்தான்: ஆற்றங்கரைக் களிமண்ணில் விளைந்த வில்லியனூர் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஆனால் குறியீடு பெற்றது பெரிதும் சிலைகளுக்காகவும் அழகுப் பொருள்களுக்காகவும் என்பதால், அதே குயவர் மரபின் குழம்புச் சட்டிக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடைக்கவில்லை.

ஆடி மாதம் இவ்வூர்களின் உணவு ஆண்டில் ஓர் உச்சம். மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல் நடைபெறும் அம்மாதத்தில், அன்றாடம் ஏழைகளின் உணவாக இருந்த கூழ் தெய்வத்தின் உணவாகிறது. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கட்டி விழாமல் கிண்டி, களியாக இறுகியதும் ஆறவைத்து, மறுநாள் காலையில் நீரும் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயம் தூவுவது செய்முறை. தெருத்தோறும் வீடுகளிலிருந்து குடங்களில் கொண்டுவரப்படும் கூழ் கோயில் வாசலில் பெரிய அண்டாக்களில் ஒன்றாகக் கலக்கப்படுகிறது. இக்கலப்பே சடங்கின் சாரம். எந்த வீட்டுக் கூழ் எது என்று பிரித்தறிய முடியாதபடி செய்து, பின்னர் எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியலும், வீடுகளில் கத்தரிக்காயோ மொச்சையோ சேர்த்த கருவாட்டுக் குழம்பும் இருக்கும். புளித்த கூழின் குளிர்ச்சியும் கருவாட்டின் உவர்ப்பும் கூடும்போது கிடைக்கும் சுவை, இவ்வூர்களுக்கு வரும் எவரும் முதலில் உண்டறிய வேண்டியது.

குழம்பை இறக்குமுன் அதில் சேர்க்கப்படும் வெங்காய வடகம் தனிக் கவனத்துக்குரியது. பங்குனி, சித்திரை வெயில் ஏறும்போது, சின்ன வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றோடு பிசைந்து, உருண்டைகளாகப் பிடித்துப் பாயில் காயவைப்பார்கள். மாலையில் உருண்டைகளை எடுத்து, உதிர்த்து, மீண்டும் பிசைந்து உருட்டி, மறுநாள் மறுபடி வெயிலில் இடுவார்கள். ஈரம் முற்றிலும் போகும்வரை இது பல நாள் தொடரும். முடிவில் விளக்கெண்ணெய் தடவி, சாடியில் அடைத்து வைத்தால் ஓராண்டுக்குக் கெடாது. எண்ணெயில் சிறு துண்டைப் பொரித்துக் குழம்பில் கொட்டும்போது எழும் மணமே தெருவுக்கு அன்றைய சமையலை அறிவிக்கும். இதே வடகம் பிரெஞ்சுக்காரர் வழியாகக் கடல் கடந்து, வடுவான் என்ற பெயரில் மேலைநாட்டுச் சமையற்கலைஞர்களின் மசாலாவாக இன்று விற்கப்படுகிறது. ஹக்கா மக்களின் உலர்த்திய கடுகுக்கீரையும் இவ்வடகமும் ஒரே தேவையில் பிறந்தவை. விளைச்சல் மிகுந்த மாதத்தை விளைச்சலற்ற மாதத்துக்குக் கொண்டுசேர்க்கும் முயற்சி இரண்டிலும் உண்டு. உலகச் சந்தையில் வடுவான் விற்கப்படும் விலையில் ஒரு காசுகூட, அதை வெயிலில் நின்று உருட்டிய கிராமப் பெண்களை எட்டுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

கடல் கடந்த தொடர்பு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் பின்னர் நடந்த ஆய்வுகளிலும் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகள் மது, ஆலிவ் எண்ணெய், மீன் சாறு ஆகியவற்றைச் சுமந்து வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இந்தோசீனா உருவானபின், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து சிறு அலுவலர்களாகவும் படைவீரர்களாகவும் பலர் சைகோனுக்குச் சென்றனர். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான்கள் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். வியட்நாம் போர்களின்போது திரும்பிய குடும்பங்கள், அரிசித்தாளில் இறைச்சியும் காளானும் பொதிந்து பொரிக்கும் வியட்நாமியப் பலகாரத்தையும் உடன் கொண்டுவந்தன. புதுச்சேரியில் அது வேரூன்றியமைக்கு ஒரு காரணம் எளிதில் விளங்கும்: அரிசியை மாவாக்கி, ஆவியில் தாளாக்கி, வெயிலில் காயவைக்கும் மக்களிடமிருந்து, அரிசி மாவை வடாமாகப் பிழிந்து காயவைக்கும் மக்களிடம் அது வந்து சேர்ந்தது.

திருவிழாக்களின் உணவு பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் வைகாசித் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த மரபைத் தொடர்ந்து இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். அன்று தெருக்கள்தோறும் நீர்மோரும் பானகமும் வழங்கப்படுகின்றன. சங்கராபரணிக் கரையிலுள்ள திருக்காஞ்சியில் மாசி மகத்தன்று முன்னோர்க்குப் படையலிடுவோர் பெருந்திரளாகக் கூடுகின்றனர். 1877இல் பிரான்சிலிருந்து லூர்து அன்னை சிலை வந்த வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கிறித்தவர் அல்லாதோரும் நடைப்பயணமாக வருகின்றனர். மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தையில் மாடு வாங்க வந்தவர்களுக்கென விற்கும் உணவும், தமிழ்நாட்டில் இல்லாத, புதுச்சேரி ஊர்ப்புறத்தில் உரிமம் பெற்று நடக்கும் கள்ளுக்கடைகளை ஒட்டி விற்கும் மீன் வறுவலும், ஆய்வாளர் எவராலும் பதிவு செய்யப்பட வேண்டிய தனி உலகங்கள்.

இவையனைத்துக்கும் அடிப்படையான ஏரி கடந்த அரை நூற்றாண்டில் தளர்ந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறுகளும் மின் இறைப்பான்களும் வந்தபின், உழவர் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தடியிலேயே தனி ஏரி வைத்திருப்பதாக நம்பத் தொடங்கினர். பொது ஏரியைத் தூர்வார ஒன்றுகூடும் தேவை மறைந்தது. நீர்க்கட்டிக்குப் படியளப்பது நின்றது. கடலோரத்தை ஒட்டிய பாகூர்ப் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியபோது உப்புநீர் உட்புகத் தொடங்கியது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு தொடங்கிய ஏரிகள் மறுசீரமைப்புத் திட்டம், பயனாளிகள் சங்கங்களை மீண்டும் உருவாக்க முயன்றது. பணி நடந்த இடங்களில் பயன் தெரிந்தது. ஆயினும் வெளியிலிருந்து வரும் நிதி நின்றபின் சங்கத்தை நிலைக்கவைக்கும் ஆற்றல் ஊருக்குள்ளிருந்தே வர வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தபோது, பாகூர்ப் பகுதி ஊர்களும் வயல்களும் நீரில் மூழ்கின. வெள்ளத்தை ஏந்திக்கொள்ளவும் கோடைக்குத் தேக்கிவைக்கவும் வேண்டிய ஏரியும் வாய்க்காலும் தூர்ந்திருந்தால், அதே நீர் ஒரு பருவத்தில் அழிவாகவும் மறுபருவத்தில் பற்றாக்குறையாகவும் மாறும்.

இந்நிலையில் கிராம உணவுச் சுற்றுலா என்பது வரவேற்கத்தக்கதா என்ற வினா எழுகிறது. ஃபூச்சியன் மண்வீடுகளுக்கு நுழைவுச் சீட்டு வைக்கப்பட்டு, பயணிகள் திரளத் தொடங்கியபின், இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, முதியோர் மட்டும் தங்கி நினைவுப் பொருள் விற்கும் வீடுகள் பலவாயின. கட்டடம் காக்கப்பட்டது; அதற்குள் களஞ்சியத்தை நிரப்பிய வேளாண்மை காக்கப்படவில்லை. பாகூரிலோ வில்லியனூரிலோ வாழையிலை விரித்து, வேட்டி கட்டிய பணியாளர் பரிமாறும் ஒரு கண்காட்சி உணவகம் தொடங்கப்பட்டு, அரிசி வெளி மாநிலத்திலிருந்தும் மீன் பண்ணையிலிருந்தும் வருமானால், அது கிராம உணவு ஆகாது. மாறாக, சம்பா அறுவடையாகும் தை மாதத்திலோ கூழ் வார்க்கும் ஆடியிலோ வடகம் உருட்டும் சித்திரையிலோ, அந்தந்தப் பருவத்துக்குரியதை அந்தந்த வீட்டுப் பெண்கள் தாங்களே குறிக்கும் விலைக்குச் சமைத்துத் தருவதும், வருபவர் உணவுக்கு முன் மதகையும் வரப்பையும் நடந்து காண்பதும், வருவாயில் ஒரு பங்கு ஏரிச் சங்கத்துக்குச் செல்வதுமாக அமையும் பயணம், உண்பவருக்கும் ஊருக்கும் பயன் தரும். சேரியின் நண்டு ரசமும் நத்தை வறுவலும் அங்கே விடுபடாமல் இடம்பெற வேண்டும். அவற்றைச் சமைப்போர் பெருமையோடு அழைக்கப்பட வேண்டும்.

இவ்வூர்களில் எண்பது வயதைத் தொட்ட பெண்களின் நினைவில்தான் மறைந்துபோன நெல் வகைகளின் பெயர்களும் ஏரி மீன்களின் பருவங்களும் கூழின் பக்குவமும் இன்று எஞ்சியுள்ளன. பாகூர், வில்லியனூர்ப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அவர்களிடம் சென்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வைப்பது காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய பணி. அதனினும் முந்திய பணி ஒன்றுண்டு: ஐப்பசி மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் சொர்ணாவூரிலிருந்து பாகூர் வரை பங்காரு வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும், அதற்குப் புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு அரசுகளும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும்.